பெயர் ஒன்று, செடி இரண்டு

சென்ற தவணையில் ஒரு நாள் பதினோராந்தர வகுப்பிலே சொற்களின் பொருள் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குவதும், ஒரு பெயர் பல பொருளைக் குறித்து நிற்பதும் மொழியின் இயல்பென விளக்கி, நிகண்டு நூல்கள் தோன்றிய காரணத்தையும் எடுத்துரைத்தோம். அப்பொழுது, வைத்தியனாக வரவேண்டுமென்று எண்ணங்கொண்டுள்ள மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, பெயர் எதுவாக இருந்தாலென்ன? நோயைத் தீர்ப்பது மருந்தேயன்றிப் பெயரன்றே! வேப்பெண்ணெயைத் தேனென்று அழைத்தால் அதன் கசப்பு மாறிவிடுமா?” என்று கேட்டான். வகுப்பு முழுவதும் நகைத்தது; நாமும் நகைத்தோம். விடை கூறுமுன் மணி அடித்துவிட்டது.

அவ்வினா நம்மை விட்டு நீங்கவில்லை. ஏனெனில் அதற்குரிய விடையை நாம் சிறு பராயத்திலேயே பட்டறிந்திருந்தோம். 1990களில் வவுனியாவுக்கு அணித்தான ஒரு கிராமத்தில் எம் குடும்பம் தங்கியிருந்த காலம் அது. எம் தம்பிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் கண்டது. அயலிலிருந்த முதிய பரிகாரியார் தமிழ் வைத்தியமும் சிங்கள வைத்தியமும் ஒருங்கே கற்றவர். குடிநீருக்கு வேண்டிய சரக்குகளை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தார். அவற்றுள் ஒன்று நிலவேம்பு. நாம் கடைக்கு ஓடிச் சென்று, கட்டிக்கொடுத்ததை வாங்கி வந்தோம். பரிகாரியார் பொட்டலத்தைப் பிரித்து, காய்ந்த தண்டொன்றை இரு விரலிடையே உருட்டிப் பார்த்தார். “தம்பி, இது நாலு மூலைத் தண்டு. இதுவும் நிலவேம்புதான். ஆனால் நான் கேட்டது இதுவல்ல. பெயர் ஒன்று, செடி இரண்டு. கடைக்காரரிலும் பிழையில்லை, உன்னிலும் பிழையில்லை” என்றார்.

இந்நாட்டில் நிலவேம்பு என்னும் பெயரை இரண்டு செடிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று தாவரவியலார் அண்ட்ரோகிராபிஸ் பனிகுலாட்டா எனக் கூறுவது, நாற்கோணத் தண்டுடையது. மற்றையது முன்றோனியா பின்னாட்டா எனப்படும் சிறு செடி. சிங்கள மொழியில் பிந்தியதைப் ‘பிங்கொஹொம்ப’ என்பர். முந்தியதை ‘ஹீன் பிங்கொஹொம்ப’ என்று ஓர் அடைமொழி சேர்த்துப் பிரிப்பர். அந்த ஓர் அடைமொழி இல்லாமையால் நாம் ஒரு மாலைப்பொழுதை இழந்தோம். தம்பியைக் காத்தது குடிநீரன்று. மறுநாள் அரசினர் மருத்துவமனையிலே இரத்தத்தைச் சோதித்து, மலேரியாவென்று கண்டு கொடுத்த குளிகைகளே அவனைக் காத்தன. ஆயினும் பரிகாரியார் கூறிய சொற்கள் மனத்தில் நிலைத்துவிட்டன.

அண்மையில், அதே மலேரியாவைத் தீர்க்கும் செடியொன்றின் வியட்நாமியப் பெயரைப் பற்றிக் கற்க நேர்ந்தது. பரிகாரியாரின் சொல் உலகளாவிய உண்மையென்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம். அச்செடியின் கதையையே எம் மாணவனுக்கு விடையாகவும், வாசகர்க்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தாகவும் இங்கே தருகின்றோம்.

வடக்கு மருந்தும் தெற்கு மருந்தும்

வியட்நாமியர் தம் மரபு வைத்தியத்தை இரண்டாகப் பகுத்துப் பேசுவர். ஒன்று ‘துவொக் பக்’. மற்றையது ‘துவொக் நாம்’. ‘துவொக்’ என்றால் மருந்து. ‘பக்’ என்றால் வடக்கு. இங்கே அது சீன தேசத்தைச் சுட்டும். ‘நாம்’ என்றால் தெற்கு. வியட்நாம் என்னும் நாட்டுப் பெயரின் ஈற்றிலே நிற்பதும் அச்சொல்லே. ஆகவே வடக்கு மருந்து என்பது சீன நூல்வழி வந்தது. தெற்கு மருந்து என்பது தம் மண்ணின் செடிகொடிகளைக் கொண்டு தாமே கண்டது. தமிழ்ச் செவிக்கு ‘நாம் மருந்து’ என்று கேட்பது ஓர் இனிய தற்செயல். பொருளளவிலும் அது பிழையன்று. அவர்கள் அதைத் தங்கள் மருந்தென்றே போற்றுகின்றனர். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துவே திஞ் என்னும் பௌத்தத் துறவி, தெற்கு மக்களின் உடலுக்குத் தெற்கு நிலத்து மருந்தே ஏற்றதென்னும் கொள்கையை நிலைநாட்டினார். அவரை அந்நாட்டு வைத்தியத்தின் தந்தையரில் ஒருவராக இன்றும் மதிக்கின்றனர்.

சீனமொழிச் சொற்கள் வியட்நாமிய மொழியிலே பல நூற்றாண்டுகளாகக் கலந்துள்ளன. வடமொழி நம் மொழியிற் கலந்ததோடு இதனை ஒப்பிடலாம். கல்விக்கும் வைத்தியத்துக்கும் சீனச் சொல். வீட்டுக்கும் வயலுக்கும் நாட்டுச் சொல். நாம் ‘நேத்திரம்’ என்றும் ‘கண்’ என்றும் இருவகையாற் கூறுவது போன்றது அது.

ஒரு பெயர், இரு இலக்கணம்

நாம் எடுத்துக்கொண்ட செடியின் பெயர் ‘தாஞ் ஹாவ் ஹ்வா வாங்’ என்பது. நான்கு அசைகள், நான்கும் தனித்தனிச் சொற்கள். ‘தாஞ்’ என்பது சீனவழி வந்தது. பச்சையும் நீலமும் கலந்த நிறத்தைக் குறிக்கும். ‘ஹாவ்’ என்பதும் சீனவழி வந்ததே. மணமுள்ள ஒருவகைச் செடியினத்துக்குப் பெயர். ‘ஹ்வா’ என்றால் பூ. ‘வாங்’ என்பது அன்றாட நாட்டுச் சொல். மஞ்சள் நிறத்தையும் பொன்னையும் ஒருங்கே குறிக்கும். எனவே முழுப்பெயரின் பொருள் ‘மஞ்சட் பூப் பூக்கும் பச்சை ஹாவ்’ என்றாகும்.

இலக்கணங் கற்பிப்போர்க்கு இதில் ஒரு சுவை உண்டு. சீனத்தில், தமிழிற் போலவே, அடைமொழி முன்னே வரும். பெயர் பின்னே வரும். ‘பச்சை ஹாவ்’ என்பது அம்முறை. வியட்நாமியத்திலோ பெயர் முன்னே வரும். அடைமொழி பின்னே வரும். ‘பூ மஞ்சள்’ என்பது அம்முறை. இந்த ஒரு பெயருக்குள் முற்பாதி சீன இலக்கணத்திலும் பிற்பாதி வியட்நாமிய இலக்கணத்திலும் அமைந்துள்ளது. வடக்கு மருந்துக்குத் தெற்கு மக்கள் ஓர் அடையாளத்தைக் கட்டிவிட்டாற்போல் இருக்கின்றது.

அடையாளம் கட்டவேண்டிய தேவை இருந்தது. ‘ஹாவ்’ என்னும் சீன எழுத்தைச் சிலர் ‘காவ்’ என்றும் வாசிப்பர். அதனால் ‘தாஞ் காவ்’ என்ற பெயரும் வழங்குகின்றது. ‘தாஞ் காவ்’ என்ற அதே ஒலிக்கு ‘மாசற்ற உயர்குணம்’ என்னும் வேறு பொருளும் உண்டு. இது போகட்டும். மருந்துக் கூடைக்குள்ளேயே குழப்பம் ஒன்று இருந்தது. வியட்நாமிய மூலிகைகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் டோ தாத் லோய் என்னும் மருந்தியல் அறிஞர் (1919 - 2008). அவருடைய பெருநூலிலே, துடைப்பம் கட்டப் பயன்படும் ஒரு புதர்ச்செடிக்கும் ‘தாஞ் ஹாவ்’ என்ற பெயர் வழங்குவதைக் காணலாம். அது கொய்யாவும் நாவலும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது; உடல்நோவுக்கு அதன் எண்ணெயைப் பூசுவர். மலேரியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘ஹ்வா வாங்’ என்னும் பின்னொட்டை மறந்து, ‘தாஞ் ஹாவ் தாருங்கள்’ என்று கேட்பவன், நாம் சிறுவனாய்ச் சென்றது போலவே வெறுங்கையனாய்த் திரும்பக்கூடும்.

உண்மையான செடி எத்தகையது? தாவரவியலார் அதனை ஆர்ட்டிமீசியா அன்னுவா என்பர். ஓராண்டே வாழ்வது, ஆளுயரத்துக்கும் மேலே வளரக்கூடியது, பன்னம்போற் பிளவுபட்ட மெல்லிய இலையும், கசக்கினாற் கடுமணமும், கடுகளவான மஞ்சட் பூக்களும் உடையது. வடவியட்நாமின் மலைநாட்டிலே, லாங் சோன் முதலிய எல்லைப்புறங்களிற் காட்டுச் செடியாகவே வளர்வது. நாம் மாலையிற் சேர்த்துத் தொடுக்கும் மருக்கொழுந்தும், மாசிபத்திரியும் இதே இனத்தைச் சார்ந்தவை. ஆனால் உறவினர் என்பதனால் ஒரே தொழில் செய்வர் என்று எண்ணுதல் கூடாது. மலேரியா மருந்து பெறப்படுவது இந்த ஒரு செடியிலிருந்தே.

முழங்கைக்குப் பின்னால் ஒரு நூல்

இச்செடியின் மருத்துவ வரலாறு மிகப் பழையது. சீனத்தின் மவாங்துவி என்னுமிடத்திலே, கி. மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையிற் கிடைத்த பட்டுச் சுவடியில் ‘ஹாவ்’ மூலநோய்க்கு மருந்தாகக் கூறப்பட்டுள்ளது. காய்ச்சலுக்கு மருந்தாக அதனைக் கூறியவர், கி. பி. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹொங் என்னும் தாவோ நெறி அறிஞர். அவசர காலத்தில் ஏழைகளும் கைக்கொள்ளத்தக்க எளிய முறைகளைத் தொகுத்து, முழங்கைக்குப் பின்னே, சட்டைக் கையினுள் வைத்துக்கொள்ளத்தக்க சிறுநூல் என்னும் கருத்துப்பட அவர் ஒரு நூல் இயற்றினார். ஒரு பிடி ஹாவை இரண்டு ‘ஷெங்’ அளவு நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றை முழுவதும் பருகுக என்பது அந்நூலிற் கண்ட முறை. ஊறவைத்துப் பிழிக என்றாரேயன்றி, காய்ச்சுக என்று அவர் கூறவில்லை. இதனை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

கெ ஹொங்குக்கும் வியட்நாமுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அன்று வடவியட்நாம் சீனப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டு ‘சியாவ்சி’ என வழங்கிற்று. அங்கே இரசவாதத்துக்கு வேண்டிய இலிங்கம் கிடைக்கின்றதென்று கேள்வியுற்ற கெ ஹொங், அந்நாட்டின் ஒரு சிறு பகுதிக்குத் தம்மை அதிகாரியாக நியமிக்குமாறு அரசனை வேண்டினார். அரசன் இசைந்தான். ஆயினும் வழியிலே குவாங்சௌவில் ஆளுநர் அவரைத் தடுத்து நிறுத்திவிட, அவர் லுவோபூ மலையிலேயே தங்கிவிட்டார். அவர் காண விரும்பியும் காணாத அந்நாட்டுக்கு, அவருடைய ஒரு பிடி ஹாவ் ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்குப் பின்னர் சென்று சேர்ந்தது.

காட்டுப் பாதையிற் காய்ச்சல்

1960களில் வியட்நாம் போர் உச்சம் அடைந்தது. ட்ருவோங் சோன் மலைத்தொடரின் காடுகளினூடே வடக்கிலிருந்து தெற்கே சென்ற படையினரை, குண்டு மட்டுமன்றி நுளம்பும் கொன்றது. எதிர்ப்புறத்து அமெரிக்கப் படையினரும் அதே நோயால் வருந்தினர். அதுவரை கைகொடுத்து வந்த குளோரோகுயின் என்னும் மருந்து அக்காடுகளிலே பயனற்றுப் போயிற்று. மலேரியா ஒட்டுண்ணி அதனை எதிர்த்து வாழக் கற்றுவிட்டது.

அந்நாளில் வியட்நாமியரிடையே மலேரியாவை எதிர்த்து நின்ற மிகப் பெரிய அறிஞர் டாங் வான் ஙு என்பவர். 1910இல் ஹுவே நகரிற் பிறந்தவர், ஜப்பானிற் கற்றவர். நாடு திரும்பியபின், பிரான்சியருக்கு எதிரான போர்க்காலத்திலே, காட்டுக் குடிசைகளுக்குள் பெனிசிலின் பூஞ்சணத்தை வளர்த்துக் காயமுற்றோர்க்கு மருந்து செய்தவர். 1957இல் ஹனோயில் மலேரியா ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. தலைநகரில் இருந்து ஆணையிடுவதோடு அவர் அமையவில்லை. நோய் நிலவும் இடத்திலேயே ஆராயவேண்டுமெனக் கருதி ட்ருவோங் சோன் காட்டுக்குச் சென்றார். 1967 ஏப்பிரல் 1ஆந் தேதி, தாம் பிறந்த ஹுவே நகருக்கு மேற்கேயுள்ள மலைப்பகுதியில், விமானக் குண்டுவீச்சினால் உயிரிழந்தார். அவருடைய ஆய்வு முற்றுப்பெறவில்லை.

அதன்பின் இரண்டு மாதங்கூட நிறையவில்லை. வடவியட்நாம் விடுத்த வேண்டுகோளை ஏற்று, 1967 மே 23ஆந் தேதி பெய்ஜிங்கிலே சீன அறிஞர் ஒன்றுகூடி இரகசியத் திட்டமொன்றைத் தொடங்கினர். ஐந்தாம் மாதம் 23ஆம் நாள் தொடங்கியமையால் அதற்கு ‘523’ என்றே பெயரிட்டனர். சீனத்திலே கலாசாரப் புரட்சி மூண்டு, கற்றோர் பலர் அவமதிக்கப்பட்ட காலம் அது. அந்நிலையிலும் இத்திட்டம் தொடர்ந்து நடைபெற்றது.

நெருப்பா, குளிர்ந்த நீரா?

1969 சனவரியில் அத்திட்டத்திற் சேர்ந்தவர் து யூயூ என்னும் பெண்மணி, 1930இற் பிறந்தவர். அவருடைய பெயரிலேயே ஒரு வியப்பு உண்டு. ‘யூயூ’ என்பது மானின் குரலைக் குறிக்கும் சொல். சீனத்தின் பழம்பெரும் பாடற்றொகையாகிய ‘ஷீசிங்’கிலுள்ள ஒரு பாட்டிலிருந்து தந்தையார் அப்பெயரை எடுத்து இட்டார். அப்பாட்டிலே மான்கள் மேயும் புல்பூண்டுகளுள் ஹாவும் ஒன்று.

து யூயூவும் உடனாய்வாளரும் பழைய ஏடுகளையும் பரிகாரிகளின் வாய்மொழிகளையும் தேடி, 2,000க்கு மேற்பட்ட முறைகளை ஆராய்ந்தனர். அவற்றுட் பயன் தரக்கூடியவையென 640ஐத் தெரிந்தனர். ஏறக்குறைய 200 மூலிகைகளிலிருந்து 380க்கு மேற்பட்ட சாறுகளை இறக்கி, மலேரியாக் கண்ட சுண்டெலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். ஹாவின் சாறு ஒருமுறை நல்ல பயன் தந்தது, மறுமுறை தரவில்லை. காரணம் விளங்காது தியங்கிய வேளையில், து யூயூ கெ ஹொங்கின் நூலை மீண்டும் எடுத்துப் படித்தார். ஊறவைத்துப் பிழிக என்ற இடத்திலே அவர் பார்வை நின்றது. மற்றை மூலிகைகளைப் போல் இதனையும் வெப்பத்தினாற் காய்ச்சியமையே பிழையாகலாம் என்று கருதினார். குறைந்த வெப்பத்திலே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாற்றை இறக்கினார். 1971 ஒக்டோபர் 4ஆந் தேதி, 191ஆம் இலக்கச் சாறு, சுண்டெலிகளின் இரத்தத்திலிருந்த ஒட்டுண்ணிகள் அனைத்தையும் அழித்தது.

மனிதர்க்குக் கொடுக்குமுன் அதன் தீங்கின்மையை அறிய வேண்டும். 1972 யூலையில் து யூயூவும் உடனாய்வாளர் இருவரும் தாமே முதலில் அம்மருந்தை உட்கொண்டனர். அதன் பின்னரே ஹைனான் தீவில் 21 நோயாளர்க்கு அது கொடுக்கப்பட்டது, காய்ச்சல் தணிந்தது. அவ்வாண்டிலேயே தூய பளிங்குருவில் மருந்துப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று உலகம் அதனை ஆர்ட்டிமீசினின் என்று வழங்குகின்றது. அதன் மூலக்கூற்றிலே இரண்டு ஒட்சிசன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு பாலம்போல் நிற்கின்றன. ஒட்டுண்ணி நம் குருதியின் செந்நிறப் பொருளை உண்ணும்போது அதிலிருந்து இரும்பு வெளிப்படும். அவ்விரும்பு பட்டவுடன் அப்பாலம் உடைந்து, ஒட்டுண்ணியைத் தாக்கும் கொடிய துகள்களாகின்றது. ஒட்டுண்ணி உண்ட உணவே அதற்கு நஞ்சாய் முடிகின்றது எனலாம். 2015இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசின் ஒரு பாதி து யூயூவுக்கு வழங்கப்பட்டது.

எது உண்மையான ஹாவ்?

மருந்து கிடைத்துவிட்டது, பெயர் வழக்கு முடியவில்லை. சீனத்தில் ‘சிங் ஹாவ்’ என்றால் பச்சை ஹாவ். ‘ஹுவாங் ஹுவா ஹாவ்’ என்றால் மஞ்சட் பூ ஹாவ். ஹாவில் நிறத்தால் வேறுபட்ட இருவகை உண்டென 11ஆம் நூற்றாண்டிலேயே ஷென் குவோ என்னும் அறிஞர் எழுதினார். 1596இல் அச்சேறிய லீ ஷிசென்னின் மாபெரும் மூலிகை நூல், பச்சை ஹாவையும் மஞ்சட் பூ ஹாவையும் தனித்தனித் தலைப்பின்கீழ் வைத்தது. பிற்காலத் தாவரவியலார் அத்தலைப்புக்களைப் பின்பற்றி, பச்சை ஹாவ் என்ற பெயரை வேறொரு செடிக்குச் சூட்டிவிட்டனர். சோதித்துப் பார்த்தபோது, அப்பெயர் தாங்கிய செடியில் ஆர்ட்டிமீசினின் இல்லை. மஞ்சட் பூ ஹாவிலேதான் இருந்தது!

இதனாற் சீன ஆய்வாளரிடையே கருத்து மாறுபாடு எழுந்தது. பெய்ஜிங்கிலிருந்தோர் மருந்தைப் ‘பச்சை ஹாவின் சத்து’ என்றனர். ஷாந்தொங், யுன்னான் ஆகிய இடங்களில் அதனைப் பிரித்தெடுத்தோர் ‘மஞ்சள் ஹாவின் சத்து’ என்றனர். ஈற்றில் முந்திய பெயரே நிலைத்தது. பச்சை ஹாவ் என்று மருந்துக்குக் கொள்ள வேண்டியது மஞ்சட் பூப் பூக்கும் செடியே என அந்நாட்டு மருந்துநூலும் வரையறுத்தது.

இப்பொழுது வியட்நாமியப் பெயரை மீண்டும் நோக்குக. பழநூல்களின் ‘பச்சை ஹாவ்’ அதன் முற்பாதி. செடியைப் பிரித்துக் காட்டும் ‘மஞ்சட் பூ’ அதன் பிற்பாதி. சீனத்தார் ‘இதுவா, அதுவா’ என்று வழக்காடிய இரண்டு பெயர்களையும் வியட்நாமியப் பெயர் ஒன்றாக்கி வைத்துள்ளது. அப்பெயரைச் சொல்லுபவர் துடைப்பச் செடியைப் பறியார். மருந்தில்லாத ஹாவையும் பறியார்.

பூக்குமுன் கொய்யும் இலை

வியட்நாம் தன் போர்க்காலத் துன்பத்திற் பிறந்த இம்மருந்தைத் தன் மண்ணிலேயே விளைவிக்கத் தொடங்கிற்று. வடபகுதி விவசாயிகள் அதனை வயலிற் பயிரிட்டனர். மருந்துச் சத்து இலையிலேயே மிகுதியாக உண்டு. பூக்கத் தொடங்கும் பருவத்தில் அது உச்சம் அடைந்து, பின்னர்க் குறைந்துவிடும். ஆகவே பூவினாற் பெயர் பெற்ற அச்செடியைப் பூ விரியுமுன்னரே கொய்துவிடுவர்.

1991இல் அந்நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மலேரியாவால் வருந்தினர். 4,600க்கு மேற்பட்டோர் இறந்தனர். உள்நாட்டில் ஆக்கிய ஆர்ட்டிமீசினின் மருந்துகளை ஊர்தோறும் இலவசமாக வழங்கியும், மருந்து தோய்த்த நுளம்பு வலைகளைக் கொடுத்தும், கிராமச் சுகாதாரத் தொண்டர்களைப் பயிற்றியும் அரசு பெருமுயற்சி செய்தது. 1990களின் பிற்பாதியில் இறப்பு நூற்றுக்கு 97 பங்கு குறைந்துவிட்டது. டாங் வான் ஙு தம் உயிரை ஈந்து தேடிய பயன், அவர் மறைந்து முப்பது ஆண்டுகளின் பின் அவர் நாட்டுக்குக் கிட்டியது.

பிற நாடுகளும் பயன் பெற்றன. கடுமையான மலேரியாவுக்குக் குயினைனையும், இச்செடிவழி வந்த ஆர்ட்டிசுனேற்றையும் ஒப்பிட்டு, நான்கு ஆசிய நாடுகளில் 1,461 நோயாளரிடத்து நடத்திய ஆய்வின் முடிவு 2005இல் வெளிவந்தது. குயினைன் பெற்றோரில் நூற்றுக்கு 22 பேர் இறந்தனர். ஆர்ட்டிசுனேற் பெற்றோரில் நூற்றுக்கு 15 பேரே இறந்தனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இவ்வளவும் கேட்டபின், செடியை வளர்த்துக் கொதிநீரில் இட்டுப் பருகலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அது தகாது. இலையிலுள்ள சத்தின் அளவு செடிக்குச் செடி வேறுபடும். வெந்நீரில் அது போதிய அளவு இறங்குவதுமில்லை. குறைந்த அளவு மருந்து நோயைத் தீர்க்காது. ஒட்டுண்ணிக்கு எதிர்ப்பாற்றலைப் பழக்கவும் கூடும். உலக சுகாதார நிறுவனம் அத்தகைய தேநீரை மலேரியாவுக்கு ஏற்றதன்று என விலக்கியுள்ளது. ஆர்ட்டிமீசினினைத் தனித்துக் கொடாமல், வேறொரு மருந்துடன் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்பதும் அதன் அறிவுரை. இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளிற் கம்போடியாவின் மேற்கெல்லையில் ஆர்ட்டிமீசினினுக்கு மெல்லவே பணியும் ஒட்டுண்ணிகள் கண்டறியப்பட்டன. பின்னர்த் தென்வியட்நாமின் சில பகுதிகளிலும் காணப்பட்டன.

நம் நாட்டு நினைவு

மலேரியா நமக்கும் அயலானதன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளிற் பரவிய கொள்ளைநோயில் இந்நாட்டில் ஏறக்குறைய 80,000 உயிர்கள் மாண்டன. 1963இல் நோயாளர் தொகை 17ஆகக் குறைந்தது. நோய் ஒழிந்ததென்று எண்ணி விழிப்புக் குன்றிய நிலையில், 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. மீண்டும் பல ஆண்டுகள் போராடி, 2012 ஒக்டோபரோடு உள்நாட்டுத் தொற்று நின்றது. 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடென்னும் சான்றினை இலங்கை பெற்றது. பிறநாடு சென்று அந்நோயுடன் திரும்புவோர் இன்றும் உளர். அவருட் கொடியவகை மலேரியா கண்டோர்க்கு நம் மருத்துவமனைகளிற் கொடுக்கப்படுவது, அந்த மஞ்சட் பூச் செடியின் வழிவந்த மருந்தே.

எம் மாணவனுக்கு இனி விடை கூறலாம். வேப்பெண்ணெய்க்குத் தேனென்று பெயரிட்டால் அதன் கசப்பு மாறாது, அது மெய்யே. ஆனால் தேன் வாங்கி வருமாறு அனுப்பப்பட்ட சிறுவன் எதனைக் கொண்டு வருவான்? நோயாளியின் படுக்கைக்கும் காட்டிலே நிற்கும் செடிக்கும் இடையே இருக்கும் வழியை அறிந்தது பெயர் ஒன்றே. அவ்வழி பிழைத்தால் எத்துணைச் சிறந்த மருந்தும் வந்து சேராது. கெ ஹொங் எழுதிவைத்த ஒரு சிறு வாக்கியத்தை ஊன்றிப் படித்தமையால் ஒரு பெரும் மருந்து வெளிப்பட்டது. வியட்நாமியர் இரண்டு அசைகளைக் கூடுதலாகச் சேர்த்தமையால் அதன் செடி எதுவென்பது தெளிவாயிற்று. ஊன்றிப் படித்தலும், தெளிவாகப் பெயரிடுதலும் மொழிப் பாடத்தின் வேலைகள். வைத்தியனாக வரவிருப்பவனுக்கும் அவை வேண்டியவையே.

எம் தம்பி இன்று மூன்று பிள்ளைகளுக்குத் தந்தை. பரிகாரியார் இப்பொழுது இல்லை. அவர் அன்று எழுதித் தந்த துண்டுக் கடதாசியை எம் தாயார் நெடுங்காலம் ஒரு பழைய புத்தகத்துள் வைத்திருந்தார். பிழையைக் கண்ட அன்றே, பரிகாரியார் அதில் ‘நிலவேம்பு’ என்றிருந்த இடத்தின் அருகே பென்சிலால் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்: ‘பிங்கொஹொம்ப.’ அடுத்த முறை அதனைக் கொண்டு சென்றபோது, கடைக்காரர் மறுபேச்சின்றி உரிய செடியை எடுத்துத் தந்தார்.